சிறு இயந்திரங்களுக்குப் பல் புல்லி தேர்ந்தெடுக்கும் முறை

நமது சங்கங்களில் சிறு இயந்திரங்களின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. நூல் சுற்றும் இயந்திரத்தில் நூலை இப்புறமும் அப்புறமும் நடத்திச் செல்லும் வழிகாட்டி, நாற்றங்கால் தட்டுகளில் விதையிடும் கருவி, அட்டையில் துளையிடும் கருவி ஆகியவை ஒரு சிறிய மோட்டாரையும், ஒரு மின்பலகையையும், ஒரு பெல்ட்டையும் கொண்டு நம் பட்டறைகளிலேயே செய்யப்படுகின்றன. இவற்றைச் செய்வோர் மோட்டாரைப் பற்றிப் பலரிடம் கேட்கிறார்கள்; மின்பலகையைப் பற்றியும் பல நாள் ஆராய்கிறார்கள். ஆனால் மோட்டாரின் தண்டில் ஏறி உட்காரும் சிறு பல் சக்கரத்தை மட்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து பொருத்தி விடுகிறார்கள். இயந்திரம் சொன்ன இடத்தில் நிற்பதும் நில்லாததும் அந்தச் சக்கரத்தைப் பொறுத்தது என்பதை நாமும் பட்ட பின்னரே அறிந்தோம். அந்த அனுபவத்தையும், அதன் வழியாகக் கற்ற முறையையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

நாற்றங்காலில் நேர்ந்தது

நமது சங்கத்தின் விவசாய அங்கத்தினர்களுக்காக நடத்தப்படும் நாற்றங்காலில் 98 குழிகள் கொண்ட தட்டுகளைப் பயன்படுத்துகிறோம். அகலத்தில் 7 குழிகளும் நீளத்தில் 14 வரிசைகளும் உடையது அத்தட்டு. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 38 மி.மீ. தூரம். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டின்மேல் ஒரு பலகையை அழுத்தி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் 12 மி.மீ. அகலமுள்ள சிறு பள்ளம் உண்டாக்குவோம். பின்னர் தட்டை ஒரு சிறு வண்டியின்மேல் வைத்தால், மோட்டார் அவ்வண்டியை வரிசை வரிசையாக முன்னே நகர்த்தும். மேலிருக்கும் 7 குழாய்களும் ஒவ்வொரு வரிசைக்கும் 7 விதைகளைப் பள்ளங்களில் இடும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய நாளில் அனைவரும் மகிழ்ந்தோம். பத்து நாட்கள் கழித்துத் தட்டுகளைப் பார்த்தபோது மகிழ்ச்சி குன்றியது. முதற் பத்து வரிசைகளில் நாற்று ஒரே சீராக எழுந்திருந்தது. கடைசி நான்கு வரிசைகளில் சில குழிகளில் முளைப்பே இல்லை. சிலவற்றில் ஓரமாகச் சாய்ந்து மெலிந்த முளை. விதைகள் பள்ளத்திற்கு வெளியே விழுந்து, மேல்மண் மூடாமல் காய்ந்திருந்தன. தட்டுக்கு 28 குழிகள் இவ்வாறு கெட்டன. வீரிய ஒட்டு மிளகாய் விதையை எண்ணிக்கைக் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் விவசாயிக்கு இஃது எத்தகைய நஷ்டம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

விதையின்மேல் ஒருவர் குறை சொன்னார். மோட்டார் வலுவற்றது என்றார் மற்றொருவர். கணக்கு எழுதிய இளைஞர் தம் எழுத்தையே நான்கு முறை திருத்திப் பார்த்தார். அச்சமயம் நூல் வாங்க வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் இயந்திரத்தைச் சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, “தம்பி, படமரத்தில் துணி சுற்றிப் பருத்துவிட்டால், ஒரு பல் திருப்பும்போது இழுபடும் துணியும் கூடிவிடும் அல்லவா? உங்கள் சக்கரம் கணக்கில் எழுதிய பருமன்தானா என்று அளந்து பார்த்தீர்களா?” என்று கேட்டார். “இல்லை, ஐயா; கடைக்காரர் சொன்னதை எழுதிக் கொண்டேன்” என்றார் இளைஞர்.

உடனே வண்டியில் ஒரு குறியிட்டு, மோட்டாரைச் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றச் செய்து அளந்தோம். 400 மி.மீ. நகர வேண்டிய வண்டி 406 மி.மீ.க்குச் சற்று மேல் நகர்ந்திருந்தது. அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் 0.6 மி.மீ. மிகையாக நகர்ந்திருக்கிறது. இரண்டாம் வரிசையில் எவர் கண்ணுக்கும் தெரியாத இப்பிழை, சேர்ந்து சேர்ந்து, பதினோராவது வரிசையில் 6 மி.மீ.யைக் கடந்தது, பள்ளத்தின் பாதி அகலமும் அதுவே. பதினான்காவது வரிசையில் ஏறக்குறைய 8 மி.மீ. ஆயிற்று. விதையிலும் குற்றமில்லை, மோட்டாரிலும் குற்றமில்லை. நாம் எண்ணியது ஒரு வகைப் புல்லி. தண்டில் இருந்தது வேறு வகைப் புல்லி.

பல் பெல்ட் என்பது யாது?

ராட்டையில் பெரிய சக்கரத்திலிருந்து கதிருக்குச் செல்லும் மால் கயிற்றை அனைவரும் அறிவோம். அது உராய்வினால் மட்டுமே கதிரைச் சுழற்றுகிறது. சிறிது வழுக்கினாலும் நூற்பு வேலை கெடுவதில்லை. ஆனால் ஒரு பொருளைக் குறித்த இடத்தில் கொண்டு நிறுத்த வேண்டுமானால், வழுக்கும் கயிறு உதவாது. சங்கிலி வழுக்காது, எனினும் எடை மிகுதி, ஓசை மிகுதி, எண்ணெயும் வேண்டும். நூலும் துணியும் உள்ள இடத்தில் எண்ணெய் ஆகாது. இவ்விரண்டின் நற்குணங்களையும் சேர்த்தது பல் பெல்ட். பட்டையின் உட்புறத்தில் ஒரே இடைவெளியில் பற்கள் உண்டு; புல்லியின் விளிம்பில் அவற்றிற்கேற்ற பள்ளங்கள் உண்டு. பல் பள்ளத்தில் அமர்ந்து செல்வதால் வழுக்கல் இல்லை. பட்டறைகளில் இதனை டைமிங் பெல்ட் என்றும், சக்கரத்தை டைமிங் புல்லி என்றும் வழங்குகின்றனர்.

இது பிறந்த கதையும் துணித் தொழிலோடு தொடர்புடையதே. 1940-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேஸ் என்னும் பொறியாளர், தையல் இயந்திரத்தின் மேலுள்ள ஊசியும் கீழுள்ள பாபினும் ஒரே காலக் கணக்கில் இயங்க வேண்டும் என்பதற்காக இத்தகைய பெல்ட்டை உருவாக்கினார். அது சிங்கர் தையல் இயந்திரங்களில் இடம் பெற்றது. பின்னர் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செய்யப்பட்ட கிளாஸ் மோட்டார் காரின் எஞ்சினிலும் பல் பெல்ட் ஏறியது. இன்று மிகச் சிறிய இயந்திரம் முதல் பெரிய ஆலை இயந்திரம் வரை இது பரவியுள்ளது.

முதலில் அறிய வேண்டியது: பல் இடைவெளியும் பல்லின் உருவும்

ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரையுள்ள தூரத்தைப் பிட்ச் என்பர். பெல்ட்டின் பிட்சும் புல்லியின் பிட்சும் ஒன்றாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. பல்லின் உருவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியைத்தான் பலர் மறந்து விடுகின்றனர்.

சந்தையில் கிடைக்கும் முக்கிய வகைகளைக் கூறுவோம். முதல் வகை அங்குலக் கணக்கில் பிறந்தது. எம்.எக்ஸ்.எல். என்பதன் பிட்ச் 2.032 மி.மீ.; எக்ஸ்.எல். என்பதன் பிட்ச் 5.08 மி.மீ., அதாவது அங்குலத்தில் ஐந்தில் ஒன்று, எல். என்பதன் பிட்ச் 9.525 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்தின் பாதி. இரண்டாம் வகை மெட்ரிக் கணக்கிலான டி 2.5, டி 5, டி 10 என்பவை. பெயரிலுள்ள எண்ணே மி.மீ. பிட்சைக் குறிக்கும். இவ்விரு வகைகளின் பற்களும் மேலே குறுகி அடியில் அகன்ற சரிவுப் பற்கள். மூன்றாம் வகை வளைந்த பற்களை உடையது. எச்.டி.டி. என்னும் பெயரில் 3, 5, 8 மி.மீ. பிட்சுகளில் வருவதும், அதன் பின் கேட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜி.டி. வகையும் இதில் அடங்கும்.

ஜி.டி. 2 என்பதிலுள்ள 2 என்ற எண் முதலில் பிட்சைக் குறிக்க இடப்பட்டதன்று. அந்தப் பல் உருவம் 2, 3, 5 மி.மீ. ஆகிய பிட்சுகளில் செய்யப்படுகிறது. ஆயினும் சிறு இயந்திரக் கடைகளில் ஜி.டி. 2 என்றால் 2 மி.மீ. பிட்ச் என்றே பொருள் கொள்கின்றனர். ஆகையால் வாங்கும்போது, “ஜி.டி. பல், 2 மி.மீ. பிட்ச்” என்று இரண்டையும் சொல்லிக் கேட்பதே நலம்.

எந்த வகை எதற்கு ஏற்றது? சரிவுப் பல் ஒரே திசையில் தொடர்ந்து சுழலும் வேலைக்கு நன்கு பயன்படும். ஆனால் அதன் பல்லுக்கும் பள்ளத்திற்கும் இடையே சிறிது தளர்வு உண்டு. திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தளர்வைக் கடந்த பிறகே வண்டி நகரும். நூல் வழிகாட்டி நிமிடத்திற்குப் பல முறை திசை மாறுவது; ஆதலால் அங்கு ஜி.டி. வகையே சிறந்தது. அதன் வளைந்த பல் பள்ளத்தில் நெருங்கி அமர்கிறது, தளர்வு குறைவு, பாரத்தையும் பல் முழுவதும் பகிர்ந்து தாங்குகிறது.

நாற்றங்காலில் நாம் 2 மி.மீ. என்று எண்ணிப் பொருத்தியது எம்.எக்ஸ்.எல். வகை. 20 பல் ஜி.டி. புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. பெல்ட்டை இழுக்கும், 20 பல் எம்.எக்ஸ்.எல். புல்லி 40.64 மி.மீ. இழுக்கும். முன்னதன் வெளி விட்டம் 12.22 மி.மீ.; பின்னதன் வெளி விட்டம் 12.43 மி.மீ. இந்த 0.2 மி.மீ. வேற்றுமை வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. முதியவர் கூறிய பருத்த படமரம் இதுவே.

கையில் உள்ள பெல்ட் எவ்வகை என்று அறிய எளிய வழி உண்டு. 50 பல் இடைவெளிகளை எண்ணி, எஃகு அளவுகோலால் அளக்க வேண்டும். 100 மி.மீ. வந்தால் 2 மி.மீ. பிட்ச், 101.6 மி.மீ. வந்தால் எம்.எக்ஸ்.எல். ஒரு பல்லை மட்டும் அளந்தால் எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் பிடிபடாது.

இரண்டாவது: எத்தனை பல்?

புல்லியின் பல் எண்ணிக்கை கூடக் கூட, ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரம் கூடும்; வேகம் கூடும். ஆனால் இழுக்கும் வலு குறையும். நிறுத்தும் நுட்பமும் குறையும். பல் குறைந்தால் இவை யாவும் எதிராக மாறும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக் கொடுப்பதுதான் இங்குள்ள கணக்கு.

சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் காணப்படுவது நேமா 17 என்னும் அளவுடைய ஸ்டெப்பர் மோட்டார். அதன் முகம் ஏறக்குறைய 42 மி.மீ. சதுரம். மின்பலகை அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு படி திரும்பும். 200 படிகள் சேர்ந்தால் ஒரு சுற்று. டிரைவர் என்னும் பலகை ஒரு படியை 16 நுண்படிகளாகப் பிரிக்குமாறு அமைத்தால், ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புகள். இனி, ஒரு சுற்றின் தூரம் என்பது பல் எண்ணிக்கையைப் பிட்சால் பெருக்கிய தொகை. 3200-ஐ அத்தொகையால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு எத்தனை துடிப்பு வேண்டும் என்பது கிடைக்கும்.

2 மி.மீ. ஜி.டி. வகையில் மூன்று புல்லிகளை ஒப்பிடுவோம். மோட்டார் நிற்கும் நிலையில் பிடிக்கும் முறுக்கு விசை 0.4 நியூட்டன் மீட்டர் என்றும், நிமிடத்திற்கு 300 சுற்று ஓடுகிறது என்றும் கொள்வோம்.

16 பல்: ஒரு சுற்றுக்கு 32 மி.மீ.; ஒரு மி.மீ.க்கு 100 துடிப்பு. விநாடிக்கு 160 மி.மீ. வேகம், நிலையில் பிடிக்கும் இழுவை ஏறக்குறைய 8 கிலோ.

20 பல்: ஒரு சுற்றுக்கு 40 மி.மீ.; ஒரு மி.மீ.க்கு 80 துடிப்பு. விநாடிக்கு 200 மி.மீ. வேகம், இழுவை ஏறக்குறைய 6.4 கிலோ.

40 பல்: ஒரு சுற்றுக்கு 80 மி.மீ.; ஒரு மி.மீ.க்கு 40 துடிப்பு. விநாடிக்கு 400 மி.மீ. வேகம், இழுவை ஏறக்குறைய 3.2 கிலோ.

இங்குக் கூறிய இழுவை மோட்டார் அசையாது பிடித்து நிற்கும்போது உள்ளது. ஓடத் தொடங்கியதும் வலு குறையும். வேகம் ஏற ஏற மேலும் குறையும். ஆகவே தேவைப்படும் இழுவையைப் போல் குறைந்தது இரு மடங்கு நிலை இழுவை இருக்குமாறு கணக்கிடுவது நலம். வண்டியைத் தராசுக் கொக்கியால் இழுத்துப் பார்த்து, அது எத்தனை கிலோவில் நகரத் தொடங்குகிறது என்று அறிந்து கொள்ளலாம். தட்டும் ஈர நார்க்கழிவும் ஏற்றிய நிலையிலேயே இதனைச் செய்ய வேண்டும். வெறும் வண்டியை இழுத்துப் பார்த்துக் கணக்கிடுவது ஏமாற்றத்தில் முடியும்.

வலு வேண்டும் என்பதற்காகப் பல்லை மிகவும் குறைத்து விடவும் கூடாது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பெல்ட்டின் உள்ளே செல்லும் கண்ணாடி இழைகள் மிகச் சிறிய புல்லியில் ஓயாது மடங்கி மடங்கி விரைவில் அறுகின்றன. மற்றொன்று, பாரத்தைத் தாங்கும் பற்களின் தொகை குறைகிறது. புல்லியோடு ஒரே சமயத்தில் கோத்து நிற்கும் பற்கள் ஆறுக்குக் குறையக் கூடாது என்பது நெடுநாள் விதி. ஐந்து பல் மட்டுமே கோத்தால் பெல்ட்டின் தாங்கு திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக் கொள்ள வேண்டும். நான்கானால் ஐந்தில் இரு பங்கைக் கழிக்க வேண்டும். பெல்ட் புல்லியைப் பாதி சுற்றிச் செல்லும்போது 20 பல் புல்லியில் 10 பல் கோக்கும். 16 பல் புல்லியில் 8 பல். 10 பல் புல்லியில் 5 தான். ஆகவே 2 மி.மீ. வகையில் 16 பல்லுக்குக் குறையாமல் வாங்குவதும், இடம் இருப்பின் 20 பல் வாங்குவதும் நன்று.

இன்னும் வலு வேண்டுமானால் இரட்டைப் புல்லி முறையைக் கையாளலாம். மோட்டாரில் 20 பல்லும், தனித் தண்டில் 60 பல்லும் வைத்து, 200 மி.மீ. நீள வளையப் பெல்ட்டால் இணைத்தால் வலு ஏறத்தாழ மூன்று மடங்காகும். வேகம் மூன்றில் ஒன்றாகும். இதற்கு இரு தண்டுகளின் நடு இடைவெளி ஏறக்குறைய 58.6 மி.மீ. இருக்க வேண்டும். அப்போது சிறிய புல்லியில் 8 பற்கள் கோத்திருக்கும், விதிக்குக் குறைவில்லை. மோட்டாரைப் பிடிக்கும் துளைகளை நீள்துளைகளாக வெட்டி வைத்தால் இழுத்துச் சரி செய்து கொள்ளலாம்.

மூன்றாவது: துளையும் பிடிப்பும்

நேமா 17 மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 5 மி.மீ. விட்டம். அதனினும் பெரிய நேமா 23 மோட்டாரில் 6.35 மி.மீ. தண்டும் உண்டு, 8 மி.மீ. தண்டும் உண்டு. ஆகவே மோட்டாரின் பெயரைச் சொல்லிப் புல்லி வாங்குதல் ஆகாது. தண்டை வெர்னியர் காலிப்பரால் அளந்த பின்னரே வாங்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் காகிதமோ தகடோ சுற்றிச் சரி செய்யும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். நடு விலகிய புல்லி ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டை ஒரு பாதியில் மிகையாகவும் மறு பாதியில் குறைவாகவும் இழுக்கும். நடு 0.1 மி.மீ. விலகினால், வண்டியும் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னுமாக அதே அளவு தவறும். சுற்று முடிவில் கணக்குச் சரியாக வந்து விடுவதால் இப்பிழையைப் பத்துச் சுற்று அளந்தும் காண முடியாது. புல்லி தள்ளாடுகிறதா என்று சுழற்றிக் கண்ணால் பார்ப்பதே வழி.

புல்லியைத் தண்டில் இறுக்கக் கிரப் ஸ்க்ரூ என்னும் தலையில்லா மரையாணிகள் இரண்டு இருக்கும். தண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தால், ஓர் ஆணியைச் சரியாக அத்தட்டையின்மேல் முதலில் இறுக்கிப் பின்னர் மற்றதை இறுக்க வேண்டும். தட்டை இல்லாத உருண்டைத் தண்டில் ஆணி வழுக்கும். அங்கு ஒரு சிறு தட்டையை அரத்தால் சீவிக் கொள்ளலாம். அவ்வாறு சீவும்போது இரும்புத் தூள் மோட்டாரின் உள்ளே போகாதபடி துணியால் மூட வேண்டும். ஆணியில் மரை பிடிக்கும் பசைத் திரவம் ஒரு துளி இட்டால் அதிர்வில் தளராது. ஓடிக் கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று இடம் தவறத் தொடங்கினால், நூலைப் பார்க்குமுன், கணக்கைப் பார்க்குமுன், இந்த ஆணியைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது: அகலம், விளிம்பு, உலோகம்

6 மி.மீ. அகலப் பெல்ட்டுக்கு, பற்பகுதி 7 மி.மீ. அகலமுள்ள புல்லி வேண்டும், 10 மி.மீ. பெல்ட்டுக்கு 11 மி.மீ. புல்லி வேண்டும். மிகச் சரியாக ஒரே அகலமாக இருந்தால் பெல்ட்டின் ஓரம் தேயும். பெல்ட் பக்கவாட்டில் நழுவாதிருக்க, இரு புல்லிகளுள் ஒன்றுக்கேனும் இருபுறமும் விளிம்பு இருக்க வேண்டும். பெரும்பாலும் சிறிய புல்லிக்கே விளிம்பு வைப்பது வழக்கம்.

சிறு வேலைக்கு அலுமினியப் புல்லி போதும். அச்சில் வார்த்த நல்ல பிளாஸ்டிக் புல்லி இலகுவான பாரத்திற்கு உதவும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த புல்லியைச் சோதனைக்கு வைத்துக் கொள்ளலாம். அன்றாட ஓட்டத்தில் அதன் பல் விரைவில் தேய்கிறது. பெல்ட்டில், ரப்பரும் கண்ணாடி இழையும் கொண்டது சிறிய புல்லியில் எளிதாக வளையும். எஃகுக் கம்பி உள்ள பாலியூரிதேன் பெல்ட் நீளாது, வலுவானது. ஆனால் மிகச் சிறிய புல்லியில் அதன் கம்பி களைத்து முறியும். கண்ணாடி இழைப் பெல்ட்டைச் சுருட்டி வைக்கலாம். நறுக்கென்று மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் இழை உள்ளேயே முறிந்து, சில நாட்களில் அறும்.

மறு முனையில் சும்மா சுழலும் ஐடிலர் புல்லி உண்டு. பெல்ட்டின் பல் பக்கம் அதன்மேல் செல்லுமானால் பல் உள்ள ஐடிலரே நன்று. முதுகுப் பக்கம் செல்லுமானால் வழுவழுப்பானது போதும். இரண்டிலும் உள்ளே பேரிங் இருக்க வேண்டும். மோட்டார்ப் புல்லியும் ஐடிலரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பெல்ட் ஒரு விளிம்பின்மேலேயே உரசிச் சென்றால் நேர்கோடு தவறிவிட்டது என்று அறியலாம்.

இழுப்பைப் பற்றி ஒரு சொல். பழைய தட்டைப் பட்டையைப் போல் பல் பெல்ட்டை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. மிகை இழுப்பு மோட்டாரின் பேரிங்கைக் கெடுக்கும். குறை இழுப்பில் பல் தாண்டும். வண்டி முழுப் பாரத்தோடு சட்டென்று திரும்பும்போது பல் தாண்டாத அளவே வேண்டிய இழுப்பு. சில நாள் ஓடிய பின் ஒரு முறை சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

செங்குத்தாக ஏறி இறங்கும் பாரத்திற்குப் பெல்ட் மட்டும் உகந்ததன்று. மின்சாரம் நின்றதும் மோட்டாரின் பிடி விட்டு, பாரம் கீழே விழும். அங்குத் திருகுத் தண்டு பொருத்துவதே பத்திரமானது. மேலும் எந்தப் பெல்ட்டாயினும் புல்லியின்மேல் ஒரு மூடி அவசியம். வேட்டித் தலைப்பும் சேலைத் தலைப்பும் குழந்தைகளின் விரலும் அதன் அருகில் செல்லக் கூடாது. மோட்டார் சிறியது என்று எண்ணி இதில் அசட்டையாக இருத்தல் தகாது.

பிழையிலிருந்து கற்ற மற்றொரு பாடம்

நாற்றங்கால் இயந்திரத்தை அன்றே நாம் சரி செய்து விட்டோம். புல்லியும் பெல்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன. கணக்கில் இருந்த எண் மட்டுமே பொருந்தவில்லை. 80 என்றிருந்த துடிப்பை 78.74 என்று மாற்றியதும் பதினான்காவது வரிசையிலும் விதை பள்ளத்தின் நடுவில் விழுந்தது. ஒரு காசும் செலவில்லை.

ஆனால் இம்மாற்றத்தை எங்கும் எழுதி வைக்கத் தவறினோம். சில மாதங்கள் கழித்துப் பெல்ட் அறுந்தது. அவசரத்தில் ஒருவர் வேறு கடையிலிருந்து 2 மி.மீ. ஜி.டி. பெல்ட் வாங்கி வந்து மாட்டினார். கையால் நகர்த்தியபோது நன்றாகவே ஓடியது. இரண்டு வாரத்தில் புல்லியின் கீழே கறுப்புத் தூள் படிந்தது. பல் தாண்டும் ஓசையும் கேட்டது. ஒரு பல்லுக்கு 0.032 மி.மீ. வேற்றுமை, பத்துப் பல் கோக்கும் இடத்தில் 0.32 மி.மீ. ஆகிவிடுகிறது, பல்லின் உருவும் வேறு. பெல்ட் தன் பல்லைத் தானே அரைத்துக் கொண்டது. பிறகு புல்லி, ஐடிலர், பெல்ட் மூன்றையும் ஜி.டி. வகைக்கே மாற்றினோம்; எண்ணை மீண்டும் 80 ஆக்கினோம். இம்முறை இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தகடு அடித்து, பல்லின் வகை, பிட்ச், பல் எண்ணிக்கை, பெல்ட்டின் அகலமும் நீளமும், தண்டின் விட்டம், ஒரு மி.மீ.க்குரிய துடிப்பு ஆகியவற்றை எழுதி வைத்தோம்.

அங்கத்தினர்கள் கவனத்திற்கு

இயந்திரம் செய்ய முற்படும் அங்கத்தினர் கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொள்க: நகர வேண்டிய பாரம் எத்தனை கிலோ, எத்தனை வேகம், எந்த அளவு துல்லியம், திசை அடிக்கடி மாறுமா, தண்டின் விட்டம் என்ன. இவற்றிற்கு விடை கிடைத்தால் பிட்சும் பல்லும் அகலமும் தாமே தெளிவாகும். பெல்ட்டையும் புல்லியையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்குக. வாங்கிய இடத்திலேயே பெல்ட்டைப் புல்லியில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க. எல்லாப் பல்லும் அடி வரை அமர வேண்டும். ஓரிரு பல்லேனும் மேலெழுந்து நின்றால் அது வேண்டா. பொருத்திய பின் பத்துச் சுற்று அளந்து, அளந்த எண்ணையே கணக்கில் இடுக.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு சங்கத்தில் நான்கு இயந்திரங்கள் நான்கு வகைப் பெல்ட்டில் ஓடினால், நான்கு வகை உதிரிப் பொருள் இருப்பு வைக்க வேண்டும். முடிந்தவரை எல்லாவற்றிற்கும் ஒரே பல் வகை, ஒரே அகலம் என்று தீர்மானித்து விட்டால், ஒரு சுருள் பெல்ட்டும் ஓரிரு புல்லிகளும் அலமாரியில் இருந்தால் போதும். விதைப்புக் காலத்தின் நடுவிலோ, பண்டிகைக்கு முன் நூல் சுற்றும் அவசரத்திலோ இயந்திரம் நின்றால், நெசவாளர் விவசாயியிடமும் விவசாயி நெசவாளரிடமும் உதிரிப் பொருளைப் பெற்றுக் கொள்ளலாம். அன்று நாற்றங்காலின் பிழையை ஒரு நெசவாளர் கண்டு சொன்னது போலவே இதுவும் கூட்டுறவின் பயனாகும்.

புல்லியின் விலை சிறிது. ஆனால் அது தவறினால் கெடுவது விவசாயியின் விதையும், நெசவாளரின் நூலும், இருவரின் பொழுதும். ஆகையால் அளந்து வாங்குவோம். அளந்ததை எழுதி வைப்போம்.